எட்டு இலக்கம், உறைபனியில்

வின்னிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
கேரி தெருவில் ஏறி உட்கார்ந்து
பேருந்துக் கண்ணாடியின் உள்பக்கம் பூத்திருந்த உறைபனியில்
விரலால் எழுதினேன்:
73939133.

பக்கத்து இருக்கை மரிவிக்
கையுறையோடு ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள்.
"யாரோட நம்பர்? ரெண்டு குறையுதே."
இதை அழைத்தால் எங்கும் மணி அடிக்காது என்றேன்.

மாவு ஆலைக்கு வந்த சரக்குச் சீட்டு ஒன்றின் எண்.
சீட்டில் தப்பில்லை. கோதுமை, எடை, கையெழுத்து எல்லாம் சரி.
எண்தான் கண்ணில் ஒட்டிக்கொண்டது.

இந்த ஊரில் மும்மூன்றாகக் கமா போடுவார்கள்.
நான் வாய்க்குள் என் வழக்கப்படி படித்தேன்:
ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து
முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று.
அப்படிப் படித்தால் ஏழைத் தவிர எல்லாம் உடைகிறது.
மூன்று பதிமூன்று முப்பத்தொன்பது,
திரும்பவும் மூன்று பதிமூன்று முப்பத்தொன்பது,
ஏழு பத்தொன்பது நூற்று முப்பத்து மூன்று.
ஒட்டிவைத்தால் மட்டும்
எதன் பல்லும் இறங்கவில்லை.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை
மதிய இடைவேளைகளில், பழைய சீட்டுகளின் முதுகில்,
பென்சிலால்.
ஏழால் வகுத்தேன், மீதி இரண்டு.
பதிமூன்றால், மீதி எட்டு.
இப்படி ஆயிரத்துச் சொச்சம்.
கடைசியாக எட்டாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றேழு.
வர்க்கமூலம் அங்கே முடிகிறது, அதற்கு மேல் போக வேண்டாம்.
மீதி நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்று.
சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுக்
கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

ஃபோன் ஒரு நொடியில் சொல்லியிருக்குமே என்றான் டாரில்.
சொல்லியிருக்கும்.
ஏரிப் பனியில் துளை போட்டு
நாலு மணி நேரம் குந்தியிருக்கிறாயே,
கடையில் மீன் கிடைக்காதா என்றேன்.

ஈவு என்று யார் பெயர் வைத்தார்களோ.
அத்தனை வகுத்தலிலும் ஓர் ஈவைக்கூட
நான் திரும்பிப் பார்க்கவில்லை.
மீதி இருக்கிறதா,
இருக்கிறது. அடுத்தது.

மெமோரியலில் ஓட்டுநர் சூட்டைக் கூட்டினார்.
வலப்பக்கத் துவாரத்திலிருந்து வந்த காற்றில்
கடைசி மூன்று வழிந்தது.
7393913.
"போச்சு" என்றாள் மரிவிக்.
போகவில்லை, இதுவும் பகா எண்.
ஷெர்புரூக்கில் அடுத்த மூன்று.
739391. இதுவும்தான்.
ஒன்று எப்போது போனதென்று பார்க்கவில்லை.
73939.
"இதுவுமா?"
இதுவும்.

அப்படியானால் சேர்த்துப் பாரேன் என்றாள், வலப்பக்கம்.
பார்த்திருக்கிறேன்.
இரட்டைகளும் ஐந்தும் பூஜ்யமும் கேட்கவே வேண்டாம்.
ஒன்றோ ஏழோ சேர்த்தால் மூன்று வந்து பிரித்துவிடும்.
மூன்றும் ஒன்பதும் கொஞ்சம் வீம்பு பிடிக்கும், பிறகு விழும்.
இதற்கு இழக்கத் தெரியும்,
ஒன்றைக் கூட்டி வைத்துக்கொள்ளத் தெரியாது.
"என் தம்பி மாதிரி" என்றாள்.

ஆர்லிங்டன். 7393.
ஒரு சிறுவன் ஏற, கதவு திறந்தபடி நிற்க,
குளிர் உள்ளே வந்து 739ஐக் கொஞ்சம் காப்பாற்றியது.
பிறகு 73.
போலோ பார்க் வெளிச்சம் தெரிந்தபோது
ஏழு மட்டும்,
அதுவும் கால் கரைந்து.

மரிவிக் கையுறையைக் கழற்றினாள்.
ஈரக் கண்ணாடியில் வாயால் ஊதி
ஏழின் பக்கத்தில் ஒரு கோடு இழுத்தாள்.
71.
இன்று இரவு அவள் முறை அந்த அறையில்.
மனுஷர் விடியும்வரை தூங்கமாட்டார்,
தேதி கேட்பார், திரும்பக் கேட்பார்,
மகன்களின் பெயர்களை
ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வருகிறார்.
"இது உடையுமா?"

இரண்டால் மீதி ஒன்று. மூன்றால் இரண்டு.
ஐந்தால் ஒன்று. ஏழால் ஒன்று.
ஒன்பது ஒன்பது எண்பத்தொன்று, தாண்டிவிட்டது.
உடையாது என்றேன்.

"சொல்றேன் அவர்கிட்ட"
என்று இறங்கிப் போனாள்,
ஒரு கையில் மட்டும் கையுறையோடு.